தழும்பு விடாத காயம்

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் செவிலியர் தாயின் தொப்புளருகே கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். கருப்பை கெட்டியாகத் தட்டுப்பட்டால் நிம்மதி. கொழகொழவென்று கிடந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுவார்.

நஞ்சுக்கொடி பிரிந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்த புண்ணாக இருக்கிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தமாவது பாயும். ரத்தம் உறைவதை மட்டும் நம்பியிருந்தால் தாய் பிழைப்பது கடினம். கருப்பைச் சுவரில் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்க, ரத்தக்குழாய்கள் அந்தப் பின்னலுக்குள் புகுந்துதான் வருகின்றன. தசை சுருங்கியதும் அவை சுருக்குப்பையின் வாய்போல இறுகிவிடுகின்றன. பிள்ளை பால் குடிக்கையில் சுரக்கும் ஆக்ஸிடோசின் இந்த இறுக்கத்தைக் கூட்டும். இரண்டாம், மூன்றாம் பிள்ளை பெற்றவர்கள் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருக்கென்று இழுக்கிறது என்பார்களே, அது இதுதான்.

பிறகு கருப்பை இளைக்கத் தொடங்குகிறது. சுமார் 1 கிலோ எடை ஒரு வாரத்தில் பாதியாகி, 6 வாரத்தில் 100 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். தசைச் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை; ஒவ்வொன்றும் தன் பருமனைக் குறைத்துக்கொள்கிறது. இடையில் உள்ள கொலாஜனை நொதிகள் கரைக்கின்றன. கன்று ஈன்ற பசுவின் கருப்பை 9 கிலோ வரை இருக்கும். அதுவும் ஒரு மாதத்தில் 1 கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. குதிரை இன்னும் வேகம். குட்டி போட்ட பத்து நாளுக்குள்ளேயே பெரும்பாலும் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும்.

எனக்குப் பெரிய வியப்பு, அந்தப் புண் ஆறும் விதம்தான். தோலில் அவ்வளவு ஆழமான காயம் பட்டால் தழும்பு நிச்சயம். இங்கே தழும்பே இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜான் விட்ரிட்ஜ் வில்லியம்ஸ் 1931-ல் இதை விளக்கினார். புண்ணின் ஓரங்களிலிருந்தும், ஆழத்தில் எஞ்சிய சுரப்பிகளிலிருந்தும் புதுச் சவ்வு அடியில் வளர்ந்து வர, மேலே இருக்கும் பழைய திசு கழன்று உதிரத்தோடு போய்விடுகிறது. பேறுக்குப் பேறு தழும்பு விழுந்திருந்தால், சில பிள்ளைகளுக்குப் பிறகு கரு ஒட்ட நல்ல இடமே மிஞ்சியிருக்காது. அந்தப் புண் முழுதாக மூட ஏறக்குறைய 6 வாரம் ஆகும். பச்சை உடம்பு என்று சொல்லி அதுவரை தாயை ஓய்வில் வைக்கும் பெரியவர்களின் பேச்சைக் கேட்பது நல்லது.

கத்தி பட்ட இடம் அப்படியல்ல. சிசேரியன் வெட்டு தழும்பாகத்தான் ஆறும். அடுத்த முறை நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் ஒட்டினால், தசைக்குள் ஆழமாக இறங்கிப் பிரசவத்தில் பிரியாமல் கடும் ரத்தப்போக்கை உண்டாக்கலாம். அதனால்தான் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் கவனமாகப் பார்க்கிறார்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் முந்தைய சிசேரியனைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.