மலையும் மருந்தும் (14): பீர்க்கம்பூவிடம் சொல்லி அனுப்பிய சேதி

இயற்கை மனப்புண்ணை ஆற்றுகிறது என்று இலக்கியம் சொல்லும்போது அங்கே உண்மையில் ஆற்றுவது எது என்பதே நம் கேள்வி. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம். இந்த வாரம் மாத்தளை முத்துமாரியம்மனையும் வேப்பிலையையும் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதே மாவட்டத்துச் சிகிரியா முந்திக்கொண்டது.

சிகிரியாக் குன்றின் கண்ணாடிச் சுவரில், மலையேறி வந்தவர்கள் பாறையோவியப் பெண்களைப் பார்த்துத் தங்களுக்குத் தோன்றியதைச் சிங்களச் செய்யுளாகக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து, 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று கணித்து, 1956இல் பதிப்பித்தவர் செனரத் பரணவிதான. அதில் ஒரு பாடலை விட்டு என்னால் நகர முடியவில்லை. நீலச் சங்குப்பூவோடு பின்னிக்கிடக்கும் பீர்க்கம்பூவைப்போல, நீலநிறத்தாளோடு நின்ற பொன்னிறத்தாள் மாலையில் நினைவுக்கு வருவாள் என்கிறது அது. இதே பூ அதற்குப் பல நூற்றாண்டு முன்பே குறுந்தொகையில் இருக்கிறது. கோக்குளமுற்றனாரின் 98ஆம் பாடலில், பிரிவால் பசலை பாய்ந்த தலைவி, தோட்டத்துப் புதரில் மழைக்குப் பூத்த பீர்க்கம்பூ சிலவற்றை எடுத்துப்போய், இவள் இப்படி ஆகிவிட்டாள் என்று அவரிடம் சொல்ல யாராவது கிடைத்தால் நல்லது என்கிறாள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்று நான் சொல்லவில்லை. இரு மொழிக் கவிகளும் கொல்லைப்புறக் கொடியை ஊன்றிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே. பீர்க்கு பொழுது சாயும் வேளையில் இதழ் விரிக்கும் பூ. நினைவு மாலையில் வரும் என்று சிகிரியாக் கவி சொன்னதற்கு அந்தக் கொடியே சான்று நிற்கிறது.

குறுந்தொகைத் தலைவிக்குப் பூவைப் பார்த்ததும் நோவு தீர்ந்துவிடவில்லை. தன் உடம்பின் நிறத்தைச் சொல்லும் ஒரு பொருள் அவளுக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டுசேர்க்க ஆள் தேடுகிறாள். தன் நிலை இன்னொருவருக்குத் தெரியவரும் என்ற நம்பிக்கைதான் அங்கே ஆறுதல். காதல் நோவுக்கு இது பொருந்தலாம், உயிர் போகும் துயரத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கும் மாத்தளைப் பாதையிலேயே விடை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர்களில் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். கோப்பிக் கன்று நட்ட மலையையே அண்ணனைப் பறிகொடுத்த மலையாகச் சுட்டிக்காட்டுகிறது ஒரு மலையகப் பாடல். மலையின் அழகைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனாலும் கல்லறை கட்ட வழியற்றவர்களுக்கு அந்த மலைதான் அடையாளம். கையை நீட்டிக் காட்டுவதற்கு ஓர் இடம். இது குற்றச்சாட்டு அல்லவா, ஆறுதல் எங்கே என்பவர்களுக்குச் சொல்வேன்: இழப்பை இன்னாரிடம், இன்ன இடத்தில் என்று சொல்ல முடிவதே துக்கம் தணியத் தொடங்குவதற்கான முதல் படி. குளிர்காற்று உடம்பை ஆற்றுவதை நான் மறுக்கவில்லை. அதற்குக் கவிதை தேவையில்லை. துயரத்துக்குச் சாட்சியாகப் பூவையும் மலையையும் நிறுத்துவதற்குத்தான் கவிதை வேண்டியிருக்கிறது.

வேப்பிலை இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை. அம்மை கண்ட உடம்பை அது நேரே தொடுகிறது. தாலாட்டுப் பாட்டும் கூடவே வருகிறது. அங்கே ஆற்றுவது இலையா, பாட்டா? அடுத்த வாரம் முத்துமாரியம்மன் சந்நிதியில் இதைப் பார்ப்போம்.