ஓடுபாதையில் மடங்கும் சக்கரங்கள்

சின்ன விமானங்களில் லேண்டிங் கியர் விபத்து என்றதும் நமக்குத் தோன்றுவது, விமானி சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்குவதுதான். அது அடிக்கடி நடப்பதுதான். ஆனா இன்னொரு வகை இருக்கு. பழைய விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டது. விமானம் அழகாகத் தரை தொட்டு ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று சக்கரம் மடங்குகிறது. புரொப்பெல்லர் தரையில் அடித்து வளைகிறது. எதுவும் பழுதாகவில்லை. விமானியே மடக்கிவிட்டார்!

ஏன் மடக்கினார்? இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் என்ற பலகைகள் கீழே இறங்கியிருக்கும். மெதுவாகப் பறக்க அது உதவும். தரை தொட்டதும் ஃபிளாப்பை மேலே ஏற்றினால் இறக்கையின் தூக்குவிசை குறைந்து, எடை சக்கரத்தின் மேல் உட்காரும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். அதனால் பல விமானிகள் ஓடும்போதே கையை நீட்டி அந்த சுவிட்சைத் தட்டுவார்கள். பக்கத்தில் இருப்பது கியர் சுவிட்ச். கை மாறினால் முடிஞ்சது கதை.

தரையில் நிற்கும்போது கியர் மடங்காமலிருக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டே என்று கேட்கலாம். உண்டு. எடை ஏறி, சக்கரத்தின் கால் அமுங்கினால்தான் அது வேலை செய்யும். வேகமாக ஓடும்போது இறக்கை இன்னும் பாதி எடையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். கால் முழுசா அமுங்கியிருக்காது. அதாவது, ரொம்பத் தேவைப்படும் அந்தச் சில விநாடிகளில்தான் அதை நம்ப முடியாது.

இது புதுப் பிரச்சினை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானிகள் இதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. கியர் சுவிட்சின் முனையில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் சுவிட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். பார்க்காமலே கைக்குத் தெரியும். 1947-ல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் இருவரும் 'விமானியின் தவறு' எனப்பட்ட 460 சம்பவங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இயக்கியதால் வந்தவை.

அதே 1947-ல்தான் பீச்கிராஃப்ட் போனான்சா விற்பனைக்கு வந்தது. அருமையான விமானம். ஆனால் பெரும்பாலான விமானங்களில் த்ராட்டிலுக்கு இடப்பக்கம் கியரும் வலப்பக்கம் ஃபிளாப்பும் இருக்க, இதில் இடம் மாறி இருந்தன. வேறு விமானத்தில் பழகிய கை, பழகிய இடத்துக்குத்தானே போகும்?

1980-ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இப்படித் தரையில் கியரை மடக்கிய விபத்துகளில் போனான்சாவும் அதன் இரட்டை என்ஜின் உறவான பேரனும் எண்ணிக்கைக்கு மீறி இடம்பிடித்திருந்தன. இடமாற்றம், குமிழ்களின் வடிவம் போதுமான அளவு வேறுபடாதது, கியர் சுவிட்சுக்குத் தடுப்பு இல்லாதது, பார்வையை மறைக்கும் ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றை அறிக்கை சுட்டியது. தலைப்பிலேயே இவற்றை 'வடிவமைப்பால் தூண்டப்பட்ட' விபத்துகள் என்றார்கள். 1980-களின் நடுவில் புது மாடல்களில் இடம் சரியானது. பழையவை இன்னும் பறக்கின்றன. அதனால்தான் பயிற்சியாளர்கள், "ஓடுபாதையை விட்டு வெளியே வந்து நிற்கும்வரை எதையும் தொடாதே" என்கிறார்கள்.

இந்த விபத்துகளில் பெரும்பாலும் யாருக்கும் காயமில்லை. செலவும் அவமானமும்தான் மிச்சம். அந்த அவமானத்தால்தான் விமானியும் "என் தப்புதான்" என்று ஒத்துக்கொள்வார், கோப்பை மூடிவிடுவார்கள். ஒருவர் செய்தால் கவனக்குறைவு எனலாம். அனுபவசாலிகள் பலர், ஒரே விமானத்தில், ஒரே சுவிட்சில் தவறினால் கேள்வியை சுவிட்சிடம்தான் கேட்கணும். சபானிஸ் கேட்டார். ஒரு ரப்பர் சக்கரம் போதுமானதாக இருந்தது.