'ஆப்' என்பதா, 'அட்' என்பதா?

இங்கிலீஷ் பாஷையிலுள்ள நீண்ட சொற்கள் நம் பிள்ளைகளை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. நெட்டுருப் போட்டு ஒப்பித்துவிடுகிறார்கள். அவர்களைத் திணற அடிப்பவை 'ஆப்', 'அட்', 'ஆன்', 'டு', 'வித்' என்னும் சின்னஞ்சிறு சொற்களே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்!

திருத்தணி வகுப்பறைகளில் இந்த வேடிக்கையை நன்றாகக் காணலாம். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்த எல்லையூர் அல்லவா இது? தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறார்கள். முன்னவன் வீட்டில் "அவன்மேல் கோபம்" என்பான். பின்னவன் "வாடிமீத கோபம்" என்பான். இங்கிலீஷ் எழுதும்போது இருவரும் 'ஆங்கிரி ஆன் ஹிம்' என்றே எழுதுவார்கள். அங்கே 'வித்' வரவேண்டும். "'வித்' என்றால் 'உடன்' ஆயிற்றே, கோபித்துக்கொண்டவனுடன் உடன் என்ன வேண்டியிருக்கிறது?" என்று பிள்ளை கேட்டால், கேள்வி நியாயமானதே.

இதைப் போலவே "கணக்கில் கெட்டிக்காரன்" என்பதை நினைத்துக்கொண்டு 'குட் இன்' என்று எழுதுகிறார்கள்; வழக்கோ 'குட் அட்'. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்ற நினைவில் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறார்கள். 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப் பின் எந்த இடைச்சொல்லும் வேண்டியதில்லை. இவை மந்தபுத்தியின் விளைவல்ல. தாய்மொழி இலக்கணம் உள்ளே நின்று ஒழுங்காக வேலை செய்வதன் விளைவு.

எந்தச் சொல்லுக்கு எந்த உருபு என்ற ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் இதற்கென்றே விதிகள் வகுத்திருக்கிறார். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் வரலாம் என்கிறார். புலியை அஞ்சினான், புலியின் அஞ்சினான் என இரண்டும் சரியே. இன்று நாம் "புலிக்குப் பயந்தான்" என்று நான்காம் வேற்றுமையையும் சேர்த்துக்கொண்டோம். இங்கிலீஷ்காரர் 'அப்ரெய்ட் ஆப்' என்கிறார். அச்சம் ஒன்றே; உருபு மட்டும் மொழிக்கு மொழி, காலத்துக்குக் காலம் வேறு.

ஆயிரம் வருஷங்களுக்கு முன் இங்கிலீஷிலும் சொல்லின் இறுதியில் உருபுகள் இருந்தன. அவை தேய்ந்துபோகவே, அந்தச் சுமையெல்லாம் முன்னே நிற்கும் இச்சிறு சொற்களின் தலையில் விழுந்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரே அர்த்தம் தேடுவது வீண். அந்த மொழியாருக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. 'டிபரெண்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'பிரம்', 'டு', 'தேன்' என்று ஊருக்கு ஒரு வழக்கு உண்டு.

பின் என்னதான் செய்வது? ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்த ஹார்ன்பி என்னும் ஆசிரியர் வழி காட்டினார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகவும் வந்த அவருடைய அகராதி, வினைச்சொல்லின் பொருளோடு நிற்காமல், அது வாக்கியத்தில் எவ்வாறு அமையும் என்பதையும் காட்டிற்று. சொல்லையும் அதன் வாலையும் சேர்த்தே ஒரு சொல்லாகக் கற்கவேண்டும் என்பதுதான் சாரம்.

வீட்டில் பெற்றோரும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழ் வாக்கியத்தையும் அதற்கு நேரே இங்கிலீஷையும் எழுதி, உருபுகளின் கீழ்க் கோடிடச் செய்யுங்கள். "திருத்தணியை அடைந்தான்" என்று நினைப்பவன் 'ரீச்' என்பதற்குப் பின் 'டு' போடமாட்டான். "திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தான்" என்று நினைப்பவன்தான் போடுவான். இரு மொழியும் இணங்குமிடத்தை விட்டுவிட்டு, பிணங்குமிடத்தை மட்டும் தினம் ஐந்து வாக்கியமாகப் பழகினால் போதும்.

பிழைக்காக இரண்டு மார்க்கு குறைவது சிறிய நஷ்டம். நாலு பேர் நகைப்பார்களோ என்று அஞ்சிப் பிள்ளை வாயையே மூடிக்கொள்வதுதான் பெரிய நஷ்டம். உத்தியோகப் பேட்டி அறையில் விஷயம் தெரிந்திருந்தும் ஊமையாகும் இளைஞர்கள் எத்தனை பேர்! 1888-இல் இதே திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த ராதாகிருஷ்ணன், 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக அமர்ந்து இங்கிலீஷ்காரருக்கே அவர்கள் பாஷையில் தத்துவம் போதித்தார். எல்லையூர்ப் பிள்ளைக்கு எட்டாத பாஷை அன்று அது. திருத்துவோம், ஆனால் சிரித்துத் திருத்தவேண்டாம்.