ஈரலோடு நிற்காத நோய்

மழை நாட்களில் கால்களில் அட்டைக்கடித் தழும்பு இருப்பது இறக்குவானைப் பக்கத்தில் புதிய விடயமல்ல. மூட்டு நோவு வந்தால் "குளிர் பட்டுவிட்டது" என்று தைலம் பூசிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கணுக்காலைச் சுற்றி ஊதா நிறப் புள்ளிகள் அடிக்கடி தோன்றி, விரலால் அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று 'ஹெபடைட்டிஸ் சி' என்ற கிருமி.

1989இல் கண்டறியப்பட்ட இக்கிருமி ஈரலில் தங்கி, பல வருடங்கள் மறைந்திருந்து அதைக் கெடுக்கும். பலருக்குச் செங்கமாரியே வருவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள் சிலரின் இரத்தத்தில் ஒன்றோடொன்று திரண்டு, சிறிய இரத்தக் குழாய்களில் படிந்துவிடுகின்றன. அதனால் தோலில் புள்ளிகள், மூட்டு நோவு, பாதங்களில் எரிவும் விறைப்பும் உண்டாகும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். இந்நோயாளருக்கு நீரிழிவும், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தீராத அசதியும் மனச்சோர்வும் உண்டு. இதைச் சோம்பல் என்று ஏசக்கூடாது.

இது இரத்தத்தால் பரவும் நோய். எகிப்து நாட்டில் 1950கள் முதல் 1980கள் வரை வாய்க்கால் நீரால் வந்த புழு நோய்க்குக் கிராமத்து விவசாயிகளுக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளால் இலட்சக்கணக்கானோருக்கு இக்கிருமி தொற்றியது. அதே நாடு 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடி மக்களைச் சோதித்து, நோய் கண்டவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது.

நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆயினும், ஒருவருக்குப் போட்ட ஊசி, சவர அலகு, காது குத்தும் ஊசி ஆகியவற்றை மற்றவருக்குப் பயன்படுத்தாதீர்கள். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் குணமாக்கும் குளிசை உண்டு. பெரும்பாலும் 12 வாரங்கள் எடுத்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். கிருமி நீங்கியபின் புள்ளிகளும் மூட்டு நோவும் பலருக்குக் குறையும். நெடுநாள் கெட்டுப்போன நரம்பும் சிறுநீரகமும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆகவே தாமதிக்கக் கூடாது.

இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், முன்பு இரத்தம் ஏற்றியதையும் சத்திரசிகிச்சை செய்ததையும் வைத்தியரிடம் வாயாலேயே சொல்லுங்கள். முதல் சோதனை, கிருமி எப்போதாவது உடலில் புகுந்ததா என்று காட்டும். அது இப்போதும் இருக்கிறதா என்பதை இரண்டாவது சோதனையே சொல்லும். அதற்காக இரத்தினபுரிக்கு அனுப்பினால், ஒருநாள் சம்பளம் போகிறதே என்று நின்றுவிடாதீர்கள்.

ஒன்றாக உண்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, கட்டியணைப்பதாலோ இது தொற்றாது. ஊரை இழந்து வந்தவரை நோயின் பேரால் வீட்டுக்குள்ளும் ஒதுக்கி வைக்க வேண்டாம்.