விபத்து சொல்லும் பாடம்

தாணே மாவட்டத்தில் டோம்பிவிலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய தொழிற்பேட்டை உண்டு. இரசாயன ஆலைகள் பல இருக்கின்றன. ஆலைகளுக்குப் பக்கத்திலேயே வீடுகளும் இருக்கின்றன.

2016 மே 26 அன்று அங்கே புரோபேஸ் என்ற இரசாயன ஆலை வெடித்தது. 12 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளின் கண்ணாடிகள் நொறுங்கின.

தீயை அணைத்தார்கள். காயம் பட்டவர்களை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. ஆலை ஏன் வெடித்தது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதே தவறு மீண்டும் நடக்கும். அதைக் கண்டுபிடிக்க அரசு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

ஆய்வுக் குழு என்ன செய்யும்?

குழு விரைவாகப் போக வேண்டும். நாள் ஆக ஆக, தடயம் அழியும். உடைந்த குழாயை அள்ளிப் போட்டுவிடுவார்கள். பார்த்தவர்களுக்கும் நினைவு மங்கும்.

ஆலையில் என்ன இரசாயனம், எவ்வளவு இருந்தது என்று குழு பார்க்கும். பதிவேடுகளைப் படிக்கும். தொழிலாளர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசும். வேலை போய்விடுமோ என்று தொழிலாளி பயப்படுவார். அதனால் "யார் தவறு?" என்று முதலில் கேட்கக் கூடாது. "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வெளிவரும்.

விசாகப்பட்டினத்தில் கிடைத்த பாடம்

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. விடியும் முன் நேரம். மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 12 பேர் இறந்தார்கள்.

ஆந்திர அரசின் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தந்தது. ஸ்டைரீன் என்ற திரவம் தொட்டியில் சூடேறி, ஆவியாக வெளியேறியது. வெப்பம் அளக்கும் கருவி தொட்டியின் அடியில் மட்டுமே இருந்தது. மேல்பகுதி சூடானது யாருக்கும் தெரியவில்லை. அபாயச் சங்கு ஒலிக்க 36 இடங்களில் வசதி இருந்தது. யாரும் ஒலிக்கவில்லை.

கருவியை மேலேயும் வைக்கலாம். சங்கை ஒலிக்கப் பழக்கலாம். இவையெல்லாம் செய்யக் கூடியவைதானே?

அறிக்கை அலமாரியில் தூங்கலாமா?

2024 மே 23 அன்று டோம்பிவிலி தொழிற்பேட்டையில் இன்னோர் இரசாயன ஆலை வெடித்தது. மீண்டும் பல உயிர்கள் போயின. அறிக்கை எழுதினால் மட்டும் போதாது. அதில் சொன்னதைச் செய்ய வேண்டும். மக்களுக்கும் சொல்ல வேண்டும்.

1996-ஆம் ஆண்டின் விதிகள் இதற்கு வழி சொல்கின்றன. ஆபத்தான ஆலைகள் உள்ள பகுதியில் உள்ளூர் நெருக்கடிக் குழு இருக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். மக்களுக்கும் விளக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு அருகில் இரசாயன ஆலை இருக்கிறதா? அங்கே ஒத்திகை நடந்ததா? சங்கு ஒலித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும்? கேளுங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள்.