கதவடைத்த கலைக்கூடமும் ஊர்தேடி வந்த கலையும்

அருங்காட்சியகம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது உயர்ந்த தூண்களும் கண்ணாடிப் பேழைகளும் கொண்ட ஒரு கட்டடமே ஆகும். அக்கட்டடம் புதுப்பிக்கும் பொருட்டுச் சில ஆண்டுகள் மூடப்படுமாயின், அருங்காட்சியகமும் அதுவரை உறங்கிவிடுகின்றதா? இல்லை என்பதற்கு நல்ல சான்றுகள் உள. அவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மூடுவது ஏன்?

கூரையும் சுவரும் தளர்தல், தீத்தடுப்பு வசதிகளைப் புதுக்க வேண்டியிருத்தல், சேகரிப்பு பெருகி இடம் போதாமை ஆகியன மூடுதற்குரிய காரணங்கள். அக்காலத்தில் கலைப்பொருள்களைப் பெட்டிகளில் பூட்டிவைத்தல் எளிது. ஆயின், பூட்டிய பொருளை மக்கள் மறப்பதும் எளிது.

சான் பிரான்சிஸ்கோ காட்டிய வழி

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் விரிவாக்கப் பணிக்காக 2013 சூனில் மூடப்பட்டு, 2016 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது பிற நிறுவனங்களோடு கைகோத்து, அவற்றின் கூடங்களில் கண்காட்சிகளை நடத்தியது. மார்க் டி சுவேரோ என்னும் சிற்பியின் மாபெரும் எஃகுச் சிற்பங்கள் எட்டினைக் கோல்டன் கேட் பாலத்தருகே கடற்கரையில் நிறுத்தியது. நடைபயில வந்தோரும் சிறுவரும் கட்டணமின்றி அவற்றைக் கண்டனர்.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது லாஸ் ஆல்டோஸ் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததாகும். 2013 நவம்பர் முதல் 2014 மார்ச் வரை அவ்வூரின் கடைகளும் பூங்காக்களுமே கலைக்கூடங்களாயின. மைக் மில்ஸ் என்னும் கலைஞர், கணினி நிறுவனங்களில் பணிபுரிவோரின் பிள்ளைகளிடம் எதிர்காலம் பற்றி வினவி, அவர்தம் விடைகளைப் படமாக்கினார். ஊராரின் வாழ்வே கலைக்குப் பொருளாயிற்று.

நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகப் பெருங்கட்டடம் 2003 முதல் 2013 வரை மூடியிருந்தது. அதன் தலையாய ஓவியங்கள் அப்போது ஒரு பக்கக் கட்டடத்தில் காட்சியளித்தன. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் 2002இல் தொடங்கிய அதன் சிறு கிளையில், பயணத்திற்குக் காத்திருந்தோரும் ஓவியங்களைக் கண்டனர்.

நம் நாட்டு நிலை

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துத் தேசியக் கலைக்கூடம், கட்டடம் வலுவிழந்தமையால் 2002இல் மூடப்பட்டு நெடுங்காலம் அவ்வாறே கிடந்தது. அங்கிருந்த இரவிவர்மா ஓவியங்கள் அதே வளாகத்தின் வேறொரு கட்டடத்தில் இடம்பெற்றன. ஓவியங்கள் காக்கப்பட்டன என்பது மகிழ்ச்சியே. எனினும், அவை வளாகத்தின் மதிலைத் தாண்டவில்லை.

மூல ஓவியங்களை ஊர்தோறும் கொண்டுசெல்லல் இயலுமா எனச் சிலர் வினவலாம். வெப்பமும் அதிர்வும் அவற்றுக்குப் பகை என்பது உண்மையே. இதற்கு மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் விடை கண்டுள்ளது. 2015இல் அது தொடங்கிய நடமாடும் அருங்காட்சியகம், குளிரூட்டிய பேருந்தில் காட்சிப் பேழைகளோடு பள்ளிகளையும் சிற்றூர்களையும் நாடிச் செல்கின்றது. அதற்குத் தன் கட்டடம் மூடப்படும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

நாம் வேண்டுவது

சுப்பிரமணிய சிவா பிறந்த மண் நம் வத்தலக்குண்டு. இராஜம் ஐயரும் பி. எஸ். ராமையாவும் இவ்வூரினரே. இவ்வூரைச் சொந்த ஊராகக் கொண்ட சி. சு. செல்லப்பா, 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றவர். வாசகன் வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை. நூலுக்கு ஒருவர் செய்ததைக் கலைக்கு ஓர் அரசு நிறுவனம் செய்தல் அரிதன்று.

நம் மாணவருட் பலர் வயல் வேலைக்கும் கல்லூரிக்கும் இடையே நாளைப் பகுத்துக்கொள்பவர். சென்னை சென்று ஒரு சோழர் செப்புத்திருமேனியைக் காணும் பேறு அவர்க்கு எளிதிற் கிட்டுவதில்லை. அதன் படியொன்றேனும், அதனை விளக்கியுரைக்கும் ஆசிரியர் ஒருவரோடு நம் கல்லூரி வாயிலுக்கு வருமாயின், அஃது அவர்தம் கல்வியின் ஒரு பகுதியாகும். அருங்காட்சியகங்கள் புதுப்பிக்கப்படுங்கால், கட்டடத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கினை இப்பயணத்திற்கும் ஒதுக்குதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கதவு மூடியிருக்கும் காலமே மக்களை நாடிச் செல்லத்தக்க காலம்.