மெழுகில் பிறக்கும் மோதிரம்
கணினி வடிவமைப்பும் மில்லிங்கும், பெங்களூரு

இந்த நீல மெழுகு மோதிரத்தில் பொட்டுத் தங்கம்கூட இல்லை. ஆனால் தங்க மோதிரத்துக்கு இதுவே கரு.

வாடிக்கையாளரின் விரல் அளவையும் கல்லின் அளவையும் வைத்து, வடிவமைப்பாளர் கணினியில் மோதிரத்தை வரைகிறார். அந்த வரைவின்படி மில்லிங் இயந்திரத்தின் ஊசிமுனை கெட்டி மெழுகைக் குடைகிறது. ஆறும்போது தங்கம் சுருங்கும் என்பதால் மெழுகு உரு சற்றே பெரிதாக இருக்கும்.

அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி, இறுகியபின் சூளையில் வைத்தால் மெழுகு உருகி எரிந்துபோகும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய தங்கம் பாயும். 1 கிராம் மெழுகுக்கு 22 காரட் தங்கம் சுமார் 18 கிராம் பிடிக்கும். ஆகவே நகையின் எடையை முன்கூட்டியே கணக்கிடலாம்.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலைகள் வார்ப்பதும் மெழுகு முறையில்தான். அங்கே மெழுகுக்கு உருக்கொடுப்பது சிற்பியின் கை.

2011இல் பெங்களூரில் தொடங்கிய புளூஸ்டோன் நிறுவனம் கணினியில் வரைந்த வடிவங்களை இணையத்தில் காட்டி நகை விற்கிறது. வார்ப்புக்குப் பின் அரம் போடுவது, கல் பதிப்பது, மெருகேற்றுவது ஆகியவற்றுக்கு இன்றும் தேர்ந்த கைகள் வேண்டும். பெங்களூரின் நகரத்பேட்டைச் சந்துகளில் அத்தகைய பட்டறைகளை நீங்கள் காணலாம்.